‘பல கலம்’ முதல் ‘கடற்படை’ வரை: இராசேந்திர சோழன் மெய்க்கீர்த்தியின் சொல்லாட்சி

முதலாம் இராசேந்திரனின் கடாரப் படையெடுப்பை விளக்கும் நூல்கள் பலவும் ‘சோழர் கடற்படை’ என்னும் தொடரை இயல்பாக ஆளுகின்றன. 1025ஆம் ஆண்டளவில் நிகழ்ந்த அப்படையெடுப்பிற்கு முதன்மைச் சான்று அவனது தமிழ் மெய்க்கீர்த்தியாகும். அதில் இத்தொடர் இடம்பெறவில்லை. கடலில் செலுத்தப்பட்டவற்றைக் குறிக்க ‘கலம்’ என்னும் பெயரும் ‘பல’ என்னும் அடையுமே அங்கு உள்ளன. எண்ணிக்கையோ கலங்களின் வகையோ கூறப்படவில்லை.

இச்சுருக்கம் மெய்க்கீர்த்தியின் பொது இயல்பு அன்று. சீவிசயம், பண்ணை, மலையூர், இலங்காசோகம், மாநக்கவாரம், கடாரம் என ஊர்கள் அடைமொழிகளுடன் அடுக்கப்படுகின்றன. கடாரத்து அரசன் சங்கிராம விசயோத்துங்கவர்மன், அவனுடைய யானைகள், வித்தியாதர தோரணம் ஆகியவை தனித்தனியே சுட்டப்படுகின்றன. கவர்ந்த பொருள் விரிவு பெற, கவரச் சென்ற கலங்கள் ஒரு தொடரில் அடங்கிவிடுகின்றன. வெற்றியின் பயனைப் புகழ்வதே மெய்க்கீர்த்தியின் நோக்கம். வெற்றிக்கான கருவியை விளக்குவதன்று. எனவே இச்சுருக்கத்தைக் கொண்டு கலங்கள் சிலவே என முடிவு செய்தல் பொருந்தாது. ‘பல’ என்பதை வைத்துப் பெருந்தொகையைக் கணக்கிடுதலும் பொருந்தாது.

‘கலம்’ பாண்டம், அணிகலன், மரக்கலம், முகத்தலளவை எனப் பலபொருள் தரும் சொல். முதலாம் இராசராசனின் மெய்க்கீர்த்தியில் காந்தளூர்ச்சாலையோடு இணைந்து வரும் ‘கலம்’ கப்பலா, உண்கலமா என்ற விவாதம் ஆய்வாளர் அறிந்ததே. இராசேந்திரன் மெய்க்கீர்த்தியில் கடல் என்னும் சூழல் அந்த ஐயத்தை நீக்குகிறது. எனினும் அக்கலங்கள் அரசுக்கு உரியனவா, வணிகரிடமிருந்து திரட்டப்பட்டனவா என்பதை அச்சொல் உணர்த்தவில்லை.

‘கடற்படை’ என்றவுடன் நிலையான அமைப்பு, தலைமை, போர்க்கலங்கள் ஆகியன இன்றைய வாசகர் மனத்தில் எழுகின்றன. சான்று திறந்து வைத்த வினாவைச் சொல் மூடிவிடுகிறது. சுமத்திராவின் பாரூசில் கிடைத்த 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஐஞ்ஞூற்றுவர் வணிகக் குழுவைக் குறிப்பிடுகிறது. அறுபதாண்டுகளுக்கும் மேலாகப் பிற்பட்ட அக்கல்வெட்டு, 1025இல் வணிகர் கலங்கள் பயன்பட்டன என்பதற்குச் சான்றாகாது. ஆயினும் அக்கடல்வழியில் தமிழ் வணிகரின் இடத்தை விலக்கிவிட்டு அரசை மட்டும் முன்னிறுத்தும் வாசிப்பு முழுமையுடையதாகாது.

வங்கக் கடலைக் கடந்து படை செலுத்தியதே பெருஞ்செயல்; அதன் சிறப்பு ‘கடற்படை’ என்னும் சொல்லைச் சார்ந்து நிற்பதன்று. செயலைப் ‘படையெடுப்பு’ என்றும் கருவியைக் ‘கலங்கள்’ என்றும் வேறுபடுத்தி வழங்குவதே சான்றின் எல்லைக்கு இசைந்ததாகும்.