முனிவரின் கையெழுத்தைத் தேடி

இறைவனின் திருப்பெயர் எழுதப்பட்ட தாளை யூத மக்கள் எறிவதில்லை, எரிப்பதுமில்லை. தேய்ந்த ஏடுகளைத் தொழுகைக்கூடத்தின் ஓர் அறையில் இட்டுவைத்துப் பின்னர் மண்ணில் அடக்கம் செய்வர். 'கெனிசா' எனப்படும் அத்தகைய அறை ஒன்று பழைய கெய்ரோவின் பென் எஸ்ரா தொழுகைக்கூடத்தில் இருந்தது. அங்கிருந்து சாலமோன் செக்டர் என்னும் அறிஞர் 1896-97ஆம் ஆண்டுகளில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திற்குக் கொண்டுசென்ற ஏட்டுத் துண்டுகள் ஏறத்தாழ 1,93,000. ரபி மைமோனிதசு (1138-1204) தம் கையாலேயே எழுதி, அடித்து, மீண்டும் திருத்திய வரைவுகளும் அவற்றுள் உண்டு. வாணிகத்தின்பொருட்டுப் புறப்பட்டு இந்தியப் பெருங்கடலில் மூழ்கி இறந்த அவர்தம் தம்பி தாவீது எழுதிய கடிதமும் அக்குவியலில்தான் கிடைத்தது.

புகழ்பெற்ற ரபிகளின் கையெழுத்துகளை இன்றும் பலர் தேடித் திரட்டுகின்றனர். சிலர் அவற்றை ஆசீர் தரும் பொருளாகப் பேணுகின்றனர். ஏலத்தில் பெரும்பொருள் கொடுத்தும் வாங்குகின்றனர். சிலரோ அடித்தலையும் திருத்தலையும் படித்து, ஆசிரியரின் சிந்தை சென்ற வழியை அறிய முயல்கின்றனர். கையெழுத்தைக் காணும் இவ்விரு பார்வைகளையும் மனத்தில் கொண்டு, நம் நாட்டில் நடந்த ஒரு தேடலை மதிப்பிடுவோம்.

சென்னைக் கல்விச் சங்கத்தை நிறுவுவதில் முன்நின்ற எல்லிஸ் துரை, வீரமாமுனிவரின் நூல்களைத் தேடித் தொகுக்குமாறு முத்துசாமிப் பிள்ளையை 1816இல் தென்பகுதிக்கு அனுப்பினார். முனிவர் மறைந்து (1747) அப்போது எழுபது ஆண்டுகள்கூட ஆகவில்லை. தேடலின் பயனாகப் பிள்ளை 1822இல் முனிவரின் வரலாற்றைத் தமிழில் எழுதினார். முனிவர்தம் நூல்களை வரிசைப்படுத்திச் சொன்ன முன்னோடி முயற்சி என்ற அளவில் அதற்கு நாம் என்றும் கடன்பட்டுள்ளோம். ஆயின் அந்நூலில் இரு குரல்கள் ஒலிக்கின்றன. ஏட்டைக் கண்டு எழுதும்போது பிள்ளையின் நடை அளவோடு நிற்கிறது. செவிவழிச் செய்தியை எழுதும்போதோ பல்லக்கும் புலித்தோலும் பரிவாரமும் பெருகுகின்றன. முனிவர் சந்தா சாகிபின் திவானாக விளங்கினார் என்ற செய்தியைப் பிற்கால ஆய்வாளர் பலர் ஐயுற்றனர். எனினும் நம் மேடைகளில் மிகுதியாக வாழ்வது அந்தப் பல்லக்குதான், ஏடு அன்று. இக்குறைக்குப் பிள்ளையைவிட அவரைப் படித்த நாமே பெரிதும் பொறுப்பு.

முனிவரின் கையெழுத்து நமக்கு ஏன் வேண்டும்? ஓலையில் புள்ளி குத்தினால் ஓலை பொத்துப்போகும் என்று எழுதுவோர் அதை விட்டுவிடுவர். அதனால் எகரமும் ஏகாரமும், ஒகரமும் ஓகாரமும் தம்முள் மயங்கின. எகரத்தின் கீழே ஒரு கோடு, ஒகரத்தின் கீழே ஒரு சுழி, கொம்பின் தலையில் ஒரு சுழிப்பு என அம்மயக்கத்தைத் தீர்த்தவர் முனிவர். தொன்னூல் விளக்கத்தில் (1730) இதற்கு விதியும் வகுத்தார். ஆனால் படியெடுப்போர் தம் பழைய வழக்கப்படியே எழுதியிருக்கக்கூடும். 3,615 பாடல்கள் கொண்ட தேம்பாவணியை எழுதும்போது முனிவர் தம் விதியைத் தாமே எப்படிக் கையாண்டார் என்பதை அவர் கை பட்ட ஏடே ஐயமின்றிச் சொல்லும். முத்தமிட்டுப் பேழையில் பூட்டிய ஏடு இதைச் சொல்லாது.

அதேவேளை, கையெழுத்து ஒன்றே ஆசிரியருக்குச் சான்று என்று கொள்வதும் பிழை. 1606இல் மதுரை வந்த தத்துவபோதக சுவாமிகள் முதுமையில் பார்வை மங்கிய நிலையில் வாயால் சொல்ல, பிறர் எழுதினர். எழுதியது பிறர் கை என்பதால் அந்நூல்களின் மதிப்பு குறைந்துவிடாது.

எல்லிஸ் 1819இல் இராமநாதபுரத்தில் இறந்தார். நாற்பது வயதுவரை நூல் எதையும் வெளியிடுவதில்லை என்று உறுதி பூண்டிருந்தவர் அவர். மதுரையில் இருந்த அவருடைய தாள்கள் சமையற்கட்டில் அடுப்பு மூட்டப் பயன்பட்டன என்று சொல்வர். கரிவலம்வந்தநல்லூர்க் கோயில் ஏடுகள் நெய்யில் தோய்த்து ஓமத்தில் இடப்பட்ட கதையை உ.வே.சாமிநாதையர் நொந்து எழுதியிருக்கிறார். மதுரையில் ஏட்டை அழித்தது அறியாமை. கரிவலத்தில் அழித்தது பக்தி. கெய்ரோவில் அதைக் காத்ததும் பக்தியே. ஆகவே பக்தி மட்டும் ஏட்டுக்குக் காவலாகாது. அது எந்த வழக்கத்தைக் கைக்கொள்கிறது என்பதே கேள்வி.

மதுரை, சிவகங்கை, இராமநாதபுரச் சமவெளியின் சிற்றூர்களில் வாசகப்பா ஏடுகளையும் அம்மானைச் சுவடிகளையும் வழிவழியாகப் பேணிவரும் குடும்பங்கள் உண்டு. அவற்றுள் பெரும் முனிவர் எவர் கையெழுத்தும் இல்லாதிருக்கலாம். எழுதியவர் பெயர், ஆண்டு, ஊர் ஆகியவை பெரும்பாலும் கடைசி ஓலையில் இருக்கும். அந்த ஓலையைத் தனியே பிரித்துக் கொடுத்துவிடாமல், கட்டோடு வைத்து ஒருமுறையேனும் படித்துக் குறித்துக்கொள்வோமானால், முத்துசாமிப் பிள்ளை தொடங்கிய தேடலின் நல்ல பாதியை நாம் தொடர்ந்தவர்கள் ஆவோம்.