இன்ரர்லொக் கல்லும் பேவர் பிளாக்கும்

யாழ்ப்பாணத்தில் நாங்கள் இன்ரர்லொக் கல் என்போம். திருச்சிக்கு வாழ்க்கைப்பட்டுப் போன என் தங்கைக்கு அது பேவர் பிளாக். இரண்டு வீட்டுப் பின்முற்றத்திலும் பதித்தது அதே 60 மில்லிமீற்றர் கொங்கிறீற் கல்தான். இரண்டு வேலையிலும் நான் நின்றேன்.

எங்கள் வளவில் கூலிக்கு வந்தவர் மேசன் ஒருவர் மட்டும். மிச்சமெல்லாம் உறவு. மச்சான்மார் மண்வெட்டியோடு வந்தார்கள், சித்தப்பா நூல் பிடித்தார், பெடியள் கல் எடுத்துக் கொடுத்தார்கள். மத்தியானம் சோறும் மீன் குழம்பும். யாரும் கணக்கு எழுதவில்லை. ஆனால் கணக்கு உண்டு. மச்சான் தன் கிணற்றடிக்குச் சீமெந்து போடும் நாளில் நான் போகாவிட்டால் அது ஊருக்குள் பேச்சாகும். கோயில் வீதியைத் துப்புரவாக்கக் கூடினால் சிரமதானம் என்கிறோம். மச்சானுக்குச் செய்வதை அப்படிச் சொன்னால் அவனுக்குக் கோபம் வரும்.

திருச்சியில் சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசி, ஆட்களும் கம்பாக்டர் இயந்திரமும் வந்திறங்கின. தங்கை கணவரின் அண்ணன் தம்பிகளும் வந்தார்கள்தான். நாற்காலி போட்டு உட்கார்ந்து யோசனை சொன்னார்கள், எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்கள். மனதுக்குள் சிரித்தேன். இரண்டே நாளில் வேலை முடிந்தது. ஒரு கல்லும் ஆடவில்லை.

எங்களுடையது? ஐப்பசியில் முதல் மழை பெய்ததும் குசினிப் படியடியில் தண்ணீர் தேங்கி நின்றது. ஐந்தடிக்கு ஓர் அங்குலமாவது வாட்டம் விடவேண்டும் என்று மேசன் சொன்னார். எந்தப் பக்கம் விடுவது என்று சித்தப்பாவும் மச்சானும் வாதாடியதில் எந்தப் பக்கமும் விடவில்லை. ஓரத்துக்குக் கட்டும் கட்டவில்லை. வெளிவரிசைக் கற்கள் விலகத் தொடங்கின. உறவுக்காரரை வைத்து வேலை செய்வதில் இதுதான் சிக்கல், பிழை விட்டவரை ஏச முடியாது. நல்லகாலம், கல்லுக்குக் கீழே கிடந்தது மணல். ஒரு ஞாயிறு எல்லாரும் திரும்ப வந்து கிளப்பி, திமிசால் இடித்து, மறுபடி பதித்தோம்.

திருச்சியில் அப்படிக் கிளப்ப முடியாது. கல் ஆடாதிருக்க அடியில் கொங்கிறீற் ஊற்றிவிட்டார்கள். இங்கேதான் எனக்கும் தங்கைக்கும் வாக்குவாதம். வற்றாத ஆறில்லாத குடாநாட்டில், சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கிய மழைதான் எங்கள் கிணற்றில் ஊறுகிறது. முற்றத்தை மூடுவது கிணற்றின் வாயை மூடுவது போலத்தான். மணலில் பதித்த கல்லின் இடுக்கு வழியாகக் கொஞ்சமாவது இறங்கும். தமிழ்நாட்டில் 2003இலேயே எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். தங்கை வீட்டிலும் மொட்டைமாடித் தண்ணீர் குழாய் வழியே குழிக்குப் போகிறது. முற்றத்துத் தண்ணீர் தெருச் சாக்கடைக்குப் போகிறது. “எல்லா வீட்டுலயும் இப்படித்தான் அண்ணா” என்றாள், நல்ல திருச்சித் தமிழில்.

ஆனால் முன்வாசலில் அவள் ஒரு கல்லும் வைக்க விடவில்லை. தினம் விடிய வாசல் தெளித்துக் கோலம் போடுகிறவள்; கல்லின் இடுக்கில் மாவு விழுந்து இழை அறுந்துபோகுமாம். எங்களுக்கு அந்தத் தினசரிக் கோலம் இல்லை, அதனால் கல்லில்லாமல் இடம் விட யாருக்கும் தோன்றவில்லை. தைப்பொங்கலுக்கு முதல்நாள் பெரியம்மா சாணித் தண்ணீரோடு வந்து முற்றத்தில் நின்றா. மெழுகி, உலக்கையை வைத்து அரிசிமாவால் நேர்கோடு இழுத்து, நடுவில் அடுப்பு வைக்க அவவுக்கு நிலம் வேண்டும்.

“உந்தக் கல்லில சாணி பிடிக்குமே?”

பிடிக்காது. அன்றிரவே நாலடிக்கு நாலடி கல்லைப் பெயர்த்தோம். நீங்கள் கடையில் கல்லுக்கு எண்ணிக்கை சொல்லும்போது, அந்தப் பதினாறு சதுர அடியை முன்னமே கழித்துச் சொல்லுங்கள்.