கடற்பறவைக்காக யார் அழுவது? ஆல்பட்ராஸ் குறித்த படைப்புகள்: மெய்ப்பாட்டியல் நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

கடற்பறவைப் பாதுகாப்பிற்குப் பொதுமக்களின் ஆதரவைத் திரட்டுவதில் கலைப்படைப்புகள் பெரும் பங்காற்றி வருகின்றன. ஆல்பட்ராஸ் என்னும் பறவையை மையமாகக் கொண்ட கவிதை, ஆவணப்படம், உரைநடை நூல் ஆகியவற்றுள் சிலவற்றைத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலின் துணைகொண்டு இக்கட்டுரை மதிப்பிடுகிறது. உணர்ச்சியை எழுப்புவதில் வெற்றிபெறும் படைப்பு, அவ்வுணர்ச்சியை உரிய பொருளின்மேல் செலுத்துவதிலும் வெற்றிபெறுகிறது என்று கொள்வதற்கில்லை என்பது இதன் வாதம்.

திறவுச்சொற்கள்: மெய்ப்பாடு, அழுகை, பெருமிதம், ஆல்பட்ராஸ், நெடுந்தூண்டில், சூழலியல் திறனாய்வு

முன்னுரை

நெய்தல் திணையின் கருப்பொருளாகப் பேசப்படும் புள்ளினங்களுள் பெரும்பாலானவை கரையோரப் பறவைகளே. நாரையும் குருகும் கழியில் இரைதேடுவன. தலைவி நிற்கும் இடத்திலிருந்தே அவற்றைக் காண இயலும். நாற்கவிராச நம்பி நெய்தற்குரியதாகக் கூறும் கடற்காகமும் கண்ணெட்டும் தொலைவில் பறப்பதே. இன்றைய உயிரியல் கடற்பறவை என்று வரையறுப்பது இவற்றின் வேறான ஒரு வாழ்க்கையையும் உள்ளடக்கியது. முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்க மட்டும் தீவுகளுக்கு வந்து, எஞ்சிய காலமெல்லாம் நடுக்கடலில் வாழும் பறவைகள் அவ்வகையின. ஆல்பட்ராஸ் அவற்றுள் தலையாயது. அதன் பெரிய இனத்தின் சிறகுவிரிவு மூன்றரை மீட்டரை எட்டுகிறது. தமிழ்ச் சூழலியல் எழுத்துகளில் இவ்விரு வகையையும் வேறுபாடின்றிக் ‘கடற்பறவை’ என்று வழங்குவது சொல்லளவிலான குழப்பம் மட்டுமன்று. கரைப்பறவையின் அழிவுக்குச் சாட்சி உண்டு. நடுக்கடற் பறவையின் அழிவுக்குச் சாட்சி இல்லை.

1950 முதல் 2010 வரை கண்காணிக்கப்பட்ட கடற்பறவைத் தொகுதிகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 70 விழுக்காடு குறைந்துள்ளது என 2015இல் வெளியான ஆய்வொன்று கணித்தது. ஆல்பட்ராஸின் 22 இனங்களுள் 15 அழிவச்சுறுத்தலுக்கு உள்ளானவை. அவை பெரும்பாலும் நெடுந்தூண்டில் கயிறுகளில் மடிகின்றன. பல கிலோமீட்டர் நீளமுள்ள கயிற்றில் ஆயிரக்கணக்கான தூண்டில்கள் இரையுடன் கடலில் இறக்கப்படும். இரை நீரில் அமிழ்வதற்கு முன் பறவை அதைக் கவ்வும். முள்ளில் சிக்கி, கயிற்றின் எடையால் இழுக்கப்பட்டு மூழ்கி இறக்கும். உலகளவில் ஆண்டுக்குக் குறைந்தது 1,60,000 கடற்பறவைகள் இவ்வாறு இறப்பதாக 2011ஆம் ஆண்டு ஆய்வு மதிப்பிட்டது. ஆல்பட்ராஸ் ஒரு பருவத்தில் ஒரு முட்டையே இடும். பெரிய இனங்கள் ஈராண்டுக்கு ஒரு முறையே இனப்பெருக்கம் செய்யும். எனவே வளர்ந்த பறவை ஒன்றின் சாவு, தீவில் பசித்துக் காத்திருக்கும் குஞ்சின் சாவுமாகிறது.

காணப்படாத இச்சாவினைப் பொதுமக்களின் நெஞ்சில் நிறுத்துவது எவ்வாறு என்பதே இப்படைப்புகளின் முன்னுள்ள சிக்கல். உணர்ச்சியையும் அது பிறக்கும் நிலைக்களனையும் பிரித்துக் காட்டும் கருவி மெய்ப்பாட்டியலில் உண்டு. செய்யுளுக்கு வகுத்த இலக்கணத்தை அயல்நாட்டு ஆவணப்படத்தின்மேல் ஏற்றலாமா என்ற தடை எழக்கூடும். மெய்ப்பாடு உடலில் வெளிப்பட்டுக் காண்பார்க்குப் புலனாவது என்று உரையாசிரியர்கள் கொள்வதால், காட்சிக்கலைக்கு அது செய்யுளைக் காட்டிலும் அயலானதன்று.

அணங்கும் எள்ளலும்

கோல்ரிட்ஜ் 1798இல் வெளியிட்ட பண்டை மாலுமியின் பாட்டு, ஆல்பட்ராஸை உலக இலக்கியத்துள் கொணர்ந்தது. அவர் அப்பறவையைக் கண்டவரல்லர். ஷெல்வாக் என்னும் கப்பல் தலைவர் 1726இல் வெளியிட்ட பயணநூலில், ஹாட்லி என்பவர் கரிய ஆல்பட்ராஸ் ஒன்றைச் சுட்ட செய்தி வருகிறது. அதைப் படித்திருந்த வேர்ட்ஸ்வொர்த்தே இக்கருவை எடுத்துக்கொடுத்தார். பாட்டில் மாலுமி காரணமின்றிப் பறவையைக் கொல்கிறான். உடனிருப்போர் முதலில் அவனைப் பழிக்கின்றனர். மூடுபனி விலகியதும் கொன்றது சரியே என்கின்றனர். காற்றைக் கொணர்ந்த பறவை என்றாலும் பனியைக் கொணர்ந்த பறவை என்றாலும் அவர்களுக்கு அது ஒரு கருவியே. பாதுகாப்புப் பரப்புரையில் இப்பாட்டை எடுத்தாள்வோர் பலரும் இக்கட்டத்தைக் கடந்து போய்விடுகின்றனர். பாட்டின் கூர்மையான பகுதி இதுவே என்பது என் மதிப்பீடு.

இப்பாட்டின் முதன்மை மெய்ப்பாடு அச்சம். அச்சத்திற்குத் தொல்காப்பியர் கூறும் அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்னும் நான்கனுள் இங்கே செயல்படுவது அணங்கு. பனிநிலத்து ஆவி கப்பலைப் பின்தொடர்ந்து பழிதீர்க்கிறது. தெய்வக்குற்றம் ஆனதால்தான் கொலை குற்றமாகிறது. அணங்கை நம்பாதவனுக்கு அச்சமும் இல்லை, குற்றமும் இல்லை. பாட்டில் அறவுரை இல்லை என்று பார்பால்ட் அம்மையார் குறைகூறியபோது, அறவுரை மிகுந்துவிட்டதே அதன் குறை என்று கோல்ரிட்ஜ் விடையளித்ததாக அவருடைய உரையாடல் தொகுப்பு பதிவு செய்துள்ளது. தம் கவிதையைக் குறித்து அவர் சொன்ன இச்செய்தியைச் சுவரொட்டிகளில் அப்பாட்டைப் பயன்படுத்துவோர் எண்ணிப்பார்க்க வேண்டும்.

போதலேரின் ஆல்பட்ராஸ் கவிதையில் நிலைக்களன் மாறுகிறது. மாலுமிகள் பொழுதுபோக்கிற்காகப் பறவையைப் பிடிக்கின்றனர். மேல்தளத்தில் அதன் தடுமாறும் நடையைக் கண்டு நகைக்கின்றனர். அது எள்ளலில் பிறந்த நகை. அந்நகையே படிப்போரிடம் இளிவரலாகத் திரிகிறது. ஆயினும் இறுதியில் பறவை கவிஞனுக்கு உவமையாகி நின்றுவிடுகிறது. உவமேயம் வந்தவுடன் உவமானம் கைவிடப்படுகிறது. பறவை மேல்தளத்திலேயே கிடக்கிறது.

மிட்வேயின் அழுகை

கிறிஸ் ஜோர்டன் 2009இல் வெளியிட்ட மிட்வே ஒளிப்படங்கள் கடல்மாசு குறித்த நம் காலத்தின் அடையாளப் படிமங்களாயின. பசிபிக்கின் நடுவேயுள்ள மிட்வே தீவில் இறந்து உலர்ந்த லேசன் ஆல்பட்ராஸ் குஞ்சுகள். சிதைந்த உடற்கூட்டினுள் புட்டிமூடிகள், தீமூட்டிகள், வண்ணமயமான நெகிழித் துண்டுகள். பின்னர் எடுத்த முழுநீள ஆவணப்படத்தை 2018ஆம் ஆண்டு உலகக் கடல் நாளன்று கட்டணமின்றி எல்லோரும் காணுமாறு வழங்கினார். அப்படம் பறவைகளின் காதல்நடனத்தையும் பெற்றோர் குஞ்சுக்கு ஊட்டுவதையும் பொறுமையுடன் காட்டுகிறது. பறவையின் கண்மட்டத்தில் கேமரா நிற்கும் அக்காட்சிகள் மிக உயர்ந்தவை. ஊட்டும் அன்பே நஞ்சாகும் முரண் வேறெந்தப் படைப்பிலும் இவ்வளவு கூர்மையாக வெளிப்பட்டதில்லை.

அழுகைக்குரிய நிலைக்களன்களாகத் தொல்காப்பியர் இளிவு, இழவு, அசைவு, வறுமை என்னும் நான்கைக் கூறுகிறார். பேராசிரியர் அவலத்தை இருவகைப்படுத்துகிறார்: தானே அவலித்தல் ஒன்று, பிறர் அவலங்கண்டு அவலித்தல் மற்றொன்று, பின்னதே கருணை எனப்படுவது. ஜோர்டனின் படத்தை மதிப்பிட இப்பாகுபாடு இன்றியமையாதது. படம் கருணையில் தொடங்குகிறது. ஆனால் இறந்த குஞ்சின் வயிற்றில் கிடப்பவை நாம் அன்றாடம் கையாளும் பொருள்கள். பார்வையாளர் பறவையைக் காண்பதற்கு முன் தம் வீட்டைக் காண்கிறார். படைப்பாளியின் குரலும் துயரத்தினூடாக நம்மை நாம் அறிதலையே வலியுறுத்துகிறது. இவ்வாறு கருணை தன்னிரக்கமாக மாறிவிடுகிறது, பறவை கண்ணாடியாகிவிடுகிறது. போதலேர் ஓர் உவமையால் செய்ததை இப்படம் ஒரு குற்றவுணர்வால் செய்கிறது.

இது நுண்ணிய அழகியல் குறைபாடாக மட்டும் இருந்தால் பெரிதுபடுத்த வேண்டியதில்லை. செயலளவில் இதற்கு விளைவு உண்டு. லேசன் ஆல்பட்ராஸ் அச்சுறுத்தலுக்கு உள்ளான 15 இனங்களுள் ஒன்றன்று. அந்நிலையை அண்மியதாகவே வகைப்படுத்தப்பட்டுள்ளது. கடற்பறவைகளுக்கான அச்சுறுத்தல்களைத் தொகுத்தாராய்ந்த 2019ஆம் ஆண்டு ஆய்வு, அயலிலிருந்து புகுந்த உயிரினங்கள், மீன்பிடிப்பில் சிக்குதல், பருவநிலை மாற்றம் ஆகிய மூன்றையே முதன்மையாக வைத்தது. நெகிழி தீங்கற்றது என்பது இதன் பொருளன்று. ஆனால் படத்தைக் கண்டு கண்ணீர்விட்டவர் நெகிழிப்பையைத் தவிர்ப்பார். தாம் உண்ணும் சூரை மீன் எந்தத் தூண்டிலில் பிடிபட்டது என்று கேட்கமாட்டார். கேட்கத் தூண்டும் காட்சி எதுவும் அவருக்குக் காட்டப்படவில்லை. கொலை, வெகுளியின் நிலைக்களன்களுள் ஒன்று. அக்கொலை நிகழும் கடற்பரப்பு இப்படத்தின் சட்டகத்திற்கு வெளியே உள்ளது.

படகில் ஏறிய உரைநடை

இதற்கு மாறாகக் கார்ல் சபினா 2002இல் எழுதிய ‘ஆல்பட்ராஸின் கண்’ என்னும் நூலைக் காணலாம். செயற்கைக்கோள் கருவி பொருத்தப்பட்ட அமீலியா என்னும் பறவையின் பயணங்களை அது பின்தொடர்கிறது. மிட்வேயில் தாய்ப்பறவை குஞ்சுக்கு ஊட்ட முயல்கையில் தொண்டையிலிருந்து பச்சைநிறப் பல்துலக்கி ஒன்று வெளிப்படும் காட்சி அந்நூலில் உண்டு. ஜோர்டனுக்கு ஏழாண்டு முன்பே எழுதப்பட்ட அது, நெகிழியின் கொடுமையை ஒரே பொருளால் உணர்த்திவிடுகிறது. ஆனால் நூல் அங்கே நின்றுவிடுவதில்லை. ஆசிரியர் அலாஸ்காவில் நெடுந்தூண்டில் படகில் ஏறி மீனவருடன் கடலுக்குச் செல்கிறார். கொல்பவர் என்று நாம் கருதக்கூடியவர் அங்கே முகமும் பேச்சும் உடைய மனிதராகிறார்.

அம்மீனவர்களின் வரலாறு மெய்ப்பாட்டியல் நோக்கில் சுவையானது. குறுவால் ஆல்பட்ராஸ் இறகு வணிகத்தால் அழிந்து, 1949இல் அற்றுப்போனதாகவே அறிவிக்கப்பட்டு, 1951இல் ஜப்பானின் டோரிஷிமா தீவில் மீண்டும் காணப்பட்ட இனம். அதில் சில பறவைகள் தூண்டிலில் இறந்தாலே மீன்பிடிப்பு முடங்கக்கூடும் என்ற நிலை 1990களில் அலாஸ்காவில் தோன்றியது. அது இறையினால் வந்த அச்சம். கோல்ரிட்ஜின் அணங்கைவிட விரைந்து வேலைசெய்தது. ஆயினும் அச்சத்தோடு முடிந்திருந்தால் ஏய்க்கும் வழிகளே பெருகியிருக்கும். மீனவர்களே கட்டுப்பாடு கோரி முன்வந்தனர். ஆய்வாளர்களைத் தம் படகுகளில் ஏற்றினர். வண்ண நாடாக்கள் தொங்கும் இரட்டைக் கயிறுகளைத் தூண்டில் இறங்கும் இடத்தின் இருமருங்கும் பறக்கவிட்டால் பறவைச் சாவு 88 முதல் 100 விழுக்காடு வரை குறைகிறது என்று அச்சோதனைகள் நிறுவின. பெருமிதத்திற்குரிய நான்கனுள் கல்வியும் புகழும் உண்டு. தொழிலறிவும் அதனால் வரும் நற்பெயருமே இங்கே ஆதரவைத் திரட்டிய உணர்ச்சிகள். சபினாவின் உரைநடை இதை மிகையின்றிப் பதிவு செய்துள்ளது. கண்ணீருக்குப் பதில் கயிற்றின் நீளமும் எடையும் பேசப்படும் பக்கங்களைச் சிலர் வறண்டவை என்பர். எனக்கு அவையே நூலின் உயிர்ப்பகுதி.

நமீபியாவில் இதே முறை 2015இல் சட்டமாயிற்று. அந்நாட்டு நெடுந்தூண்டில் படகுகளில் கடற்பறவைச் சாவு 98 விழுக்காடு குறைந்ததாகப் பின்னர் வந்த ஆய்வு காட்டியது. வால்விஸ் பே நகரில் மேமே இட்டும்பாப்போ என்னும் பெண்கள் குழு அக்கயிறுகளைத் தயாரித்து வருவாய் ஈட்டுகிறது. இவர்களைப் பற்றிய ஆவணப்படம் மிட்வே படங்களைப் போல் உலகைச் சுற்றிவரவில்லை. தூத்தூர் வட்டாரத்து ஆழ்கடல் தூண்டில் மீனவர்களின் வாழ்வை அறிந்த தமிழ் வாசகருக்கு, பறவையைவிட அக்கயிறு முதலில் புரியும். தமிழில் இப்பொருள் குறித்து எழுதுவோர் மிட்வேயின் படிமத்தை இரவல் பெறுவதைவிட அங்கிருந்து தொடங்குவது பொருத்தம்.

பெயர்பெற்ற பறவையும் பெயரில்லாச் சுண்டெலியும்

1956இல் சாண்ட்லர் ராபின்ஸ் என்னும் பறவையியலர் மிட்வேயில் வளையமிட்ட லேசன் ஆல்பட்ராஸ் ஒன்றுக்குப் பிற்காலத்தில் ‘விஸ்டம்’ என்று பெயரிடப்பட்டது. 2002இல் அவரே அதன் வளையத்தை மாற்றினார். 2017இல் அவர் மறைந்தார். பறவை 2024இன் இறுதியிலும் முட்டையிட்டது. புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்னும் மருட்கையின் நிலைக்களன்களுள் பெருமைக்கு இதனினும் ஏற்ற சான்று அரிது. ஆண்டுதோறும் செய்தியாகும் இப்பறவை, பரப்புரையாளருக்குக் கிடைத்த பெரும்பேறு. ஆனால் ஒன்று தப்பிப் பிழைத்த கதை, தப்பாத பலவற்றின் கதையை மறைக்கவும் கூடும். விஸ்டம் நமக்கு வழங்குவதில் வியப்பைவிடப் பயனுள்ளது, ஓர் உலோக வளையத்தைப் பதிவேட்டில் தொடர்ந்து குறித்துவந்த சலிப்பூட்டும் உழைப்பின் தடமே. செய்திக்குறிப்புகள் அதைப் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன.

எந்த மெய்ப்பாட்டிலும் இதுவரை அடங்காத ஒன்றும் உண்டு. தென் அட்லாண்டிக்கின் கஃப் தீவில், பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கப்பல்களிலிருந்து இறங்கிய சுண்டெலிகள் ஆல்பட்ராஸ் குஞ்சுகளை உயிரோடு கடித்துத் தின்கின்றன. குஞ்சு கூட்டிலிருந்து அசைவதில்லை. எலியைப் பகையென்று அறியும் உணர்வு அதன் மரபில் இல்லை. 2021இல் வானூர்திகளிலிருந்து நச்சுணவு தூவி எலிகளை ஒழிக்க மேற்கொண்ட பெருமுயற்சி தோல்வியுற்றது. அவ்வாண்டின் இறுதியில் எலி மீண்டும் காணப்பட்டது. இங்கே கொல்வது சிறிய, அறியா உயிர். காப்பவர் செய்ய வேண்டியதும் கொலை. பார்வையாளர் தம் வீட்டுப் பொருளை அங்கே காணமாட்டார். அணங்கும் இல்லை, எள்ளுவாரும் இல்லை. சிறுமையும் மென்மையும் இளிவரலையும் மருட்கையையும் எழுப்புவன என்றால், அவை இரண்டும் இங்கே குஞ்சுக்கு மட்டுமன்றி எலிக்கும் உரியனவாகின்றன. இரவுநேரக் கேமராக்கள் பதிவுசெய்த அக்காட்சிகள் அறிவியல் சான்றுகளாக உள்ளன. அவற்றை எடுத்தாண்ட கவிதையோ கதையோ இவ்வாய்வின்போது என் பார்வைக்குக் கிடைக்கவில்லை.