தாயைக் கேளாத கணக்கு

மத்திய கிழக்கு நாடுகளுக்கு வீட்டுப் பணிப்பெண்களாகச் சென்ற தாய்மாரின் பிள்ளைகள் எங்ஙனம் வாழ்கின்றனர் என்பதை அளந்தறிய முயன்ற கள ஆய்வுகள் கடந்த இருபது ஆண்டுகளில் நம் நாட்டிற் பலவாயின. 2006இல் ‘சேவ் த சில்ரன்’ நிறுவனம் வெளியிட்ட அறிக்கையும், 2015இல் கொலித்த விக்கிரமகே முதலானோர் உளமருத்துவ ஏடொன்றில் வெளியிட்ட ஆய்வும் அவற்றுட் குறிப்பிடத்தக்கவை. இலக்கிய ஏட்டில் இவற்றைப் பற்றி எழுதப் புகுவது சிலருக்கு வியப்பாகலாம். புள்ளிவிவரம் என்ற சொல்லைக் கேட்டதும் முகஞ்சுளிக்கும் நண்பர்கள் நம்மிடையே உளர். ஆயின், இவ்வாய்வுகளும் கதை சொல்லுகின்றன. யாருடைய கதை, யார் வாயிலாக, யார் கேட்பதற்காக என்னும் வினாக்களை நாவலை நோக்கி எழுப்பும் விமர்சகன், இவற்றை நோக்கி எழுப்பாதிருப்பதற்கு நியாயமில்லை.

முதலிற் பாராட்ட வேண்டியதைப் பாராட்டிவிடுவோம். 1985இல் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகச் சட்டம் நிறைவேறியது. தொண்ணூறுகளில், வேலை தேடிக் கடல் கடந்த மூவரில் இருவர் பெண்களாயிருந்தனர். அக்காலத்தில் இப்பெண்களைப் பற்றி நமக்குக் கிடைத்தவை பெரும்பாலும் உபதேசங்களே. மேடையிலே தாய்மையின் புனிதம் பேசியவர்களுள் எத்தனை பேர் அவ்வீடுகளின் படலையைத் திறந்து உள்ளே சென்றனர்? ஆய்வாளர் சென்றனர். பிள்ளையின் நிறையை நிறுத்தனர். யார் சமைக்கின்றார், யார் பள்ளிக்கு அனுப்புகின்றார் எனக் கேட்டனர். அது சிறிய காரியமன்று.

2015ஆம் ஆண்டின் ஆய்வு 820 பிள்ளைகளை எடுத்துக்கொண்டது. பாதிப் பேர் பெற்றோருள் ஒருவர் வெளிநாடு சென்ற வீட்டினர். மற்றப் பாதியினர் வயதாலும் பாலாலும் இவர்களுக்கு ஒத்த, அவ்வாறு ஒருவரும் செல்லாத வீட்டினர். விட்டுச் செல்லப்பட்ட பிள்ளைகளுள் ஐவரில் இருவருக்கு மேற்பட்டோர் ஏதேனுமோர் உளநலக் குறைபாடு உடையவராக மதிப்பிடப்பட்டனர். இதனைப் படித்துவிட்டு அமைதியாக இருக்க எவராலும் இயலாது. எண்ணை நான் மறுக்கவில்லை. எண்ணின்மீது ஏற்றப்படும் பொருளே ஐயத்துக்குரியது.

ஒரு குறித்த காலத்தில் எடுத்த அளவீடு நிழற்படம் போன்றது. தாய் விமானம் ஏறுமுன் அந்தப் பிள்ளை எவ்வாறிருந்தது என்பதை அது சொல்லமாட்டாது. அடகுக் கடையில் மூழ்கிய நகை, ஓராண்டாகச் செலுத்தாத வட்டி, நாட்கூலி கிடைத்தால் உண்டு கிடையாவிட்டால் இல்லை என்றிருக்கும் கணவன்: இவையெல்லாம் தாயின் பயணத்தின் விளைவுகளல்ல, அவளை வழியனுப்பிய காரணங்கள். பிள்ளையின் உள்ளத்தை இக்காரணங்களே முன்னரே வாட்டியிருக்கக் கூடுமன்றோ? அயல் வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுவது ஒரு கணக்கு. அதே பிள்ளை, தாய் செல்லாமல், கடன்மட்டும் எஞ்சிய வீட்டில் எவ்வாறிருந்திருக்கும் என்பது மற்றொரு கணக்கு. சட்டம் இயற்றுவோருக்கு வேண்டியது இரண்டாவது. அவர்கள் கையிற் கிடைத்ததோ முதலாவது.

இவ்விடத்தே, எல்ஸ்பெத் கிரஹாம், லூசி ஜோர்டன் ஆகியோர் 2011இல் வெளியிட்ட கட்டுரை ஒப்புநோக்கத் தக்கது. 2008இல் இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், தாய்லாந்து, வியட்நாம் ஆகிய நான்கு நாடுகளில், நாட்டுக்கு ஏறத்தாழ ஆயிரம் வீடுகள் வீதம் ஒரே வினாக்கொத்தைக் கொண்டு செய்யப்பட்ட ஆய்வின் பேறு அது. பெற்றோர் இருவரும் உடனிருக்கும் பிள்ளைகளோடு ஒப்பிடுகையில், இந்தோனேசியாவிலும் தாய்லாந்திலும் தந்தை வெளிநாடு சென்ற பிள்ளைகளின் உளநலமே குன்றியிருக்கக் காணப்பட்டது. பிலிப்பைன்ஸிலும் வியட்நாமிலும் அவ்வாறு காணப்படவில்லை. வாசகர் இதனைச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். பெண்களைப் பெருந்தொகையாகக் கடல்கடந்து அனுப்பிப் பல்லாண்டு பழகிய நாடு பிலிப்பைன்ஸ். தாய் அகன்றால் பிள்ளை கெடும் என்பது இயற்கை விதியாயின், அவ்விதி மணிலாவில் ஏன் செல்லுபடியாகவில்லை? பிள்ளையின் நலம், தாயின் இருப்பு ஒன்றை மட்டுமன்றி, எஞ்சியோர் அவ்விடத்தை எவ்வாறு நிரப்புகின்றனர், ஊர் அதனை எவ்வாறு ஏற்கின்றது என்பவற்றையும் சார்ந்தது எனக் கொள்வதே பொருத்தமாகத் தோன்றுகின்றது.

கருவியைப் பற்றியும் ஒரு சொல். அந்நான்கு நாடுகளிலும் கையாளப்பட்டது, றொபேட் குட்மன் என்னும் ஆங்கில உளமருத்துவர் 1997இல் வெளியிட்ட இருபத்தைந்து கூற்றுகள் கொண்ட வினாக்கொத்து. ஒவ்வொன்றுக்கும் உண்மையன்று, ஓரளவு உண்மை, நிச்சயமாக உண்மை என்ற மூன்று விடைகளுள் ஒன்றைத் தேர்தல் வேண்டும். சிறு பிள்ளைக்காக விடையிறுப்பவர் அதனைப் பராமரிப்பவர். தாய் இருக்கும் வீட்டில் தாய் விடை கூறுகின்றாள்; தாயில்லாத வீட்டிற் பெரும்பாலும் அம்மம்மா. பெரியோர் சொற்படி பிள்ளை நடக்கின்றதா எனக் கேட்டால், முழங்கால் நோவோடு மூன்று பேரக் குழந்தைகளை மேய்க்கும் அறுபது வயதுக் கிழவி, “சொல்வழி கேட்கிறானில்லை, மகன்” என்றே கூறுவாள். அந்த வாக்கில் பேரனின் குணம் எத்துணை, கிழவியின் களைப்பு எத்துணை? வினாக்கொத்து இரண்டையும் ஒரே புள்ளியாக எழுதிக்கொள்கின்றது.

இவை அறிஞர்க்கிடையிலான வழக்காக மட்டும் இருந்தால் நாம் தலையிட வேண்டியதில்லை. 2013 சனவரியில் மூதூரைச் சேர்ந்த றிசானா நபீக் சவூதி அரேபியாவிற் சிரச்சேதம் செய்யப்பட்டாள். 2005இல், பதினேழு வயதுச் சிறுமியாக, வயதைக் கூட்டிப் பெற்ற கடவுச்சீட்டோடு அனுப்பப்பட்டவள் அவள். அதே ஆண்டில் நம் அரசாங்கம் குடும்பப் பின்னணி அறிக்கை என்னும் விதியைக் கொணர்ந்தது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையுள்ள தாய் பணிப்பெண்ணாகச் செல்லல் ஆகாது என்பது அதன் சாரம். றிசானா எவருக்கும் தாயல்லள். அவளைக் கொன்றவை பொய்ப் பிறப்புத் திகதியும், வறுமையும், அந்நிய நாட்டின் நீதிமுறையும். தண்டனை மட்டும் தாய்மார்க்கு வந்து சேர்ந்தது. இவ்விதியின் பின்னர் பணிப்பெண்களாகச் சென்றோர் தொகை குறைந்தது என்பதைப் பிலேஷா வீரரத்னவின் 2016ஆம் ஆண்டுக் கட்டுரை காட்டுகின்றது. குறைந்தவர்களின் வீட்டு அடுப்பு அதன்பின் எரிந்ததா என்பது தனி வினா.

பின்னர் 2022 வந்தது. திறைசேரியில் டொலர் இல்லை. எரிபொருட் கப்பலுக்குக் கொடுக்கப் பணமில்லை. அவ்வாண்டு பெண்கள் வெளிநாடு செல்வதற்கான குறைந்த வயது எல்லா நாடுகளுக்கும் இருபத்தொன்றாக்கப்பட்டது. பிள்ளையின் வயதெல்லை ஐந்திலிருந்து இரண்டாயிற்று. மூன்று வயதுக் குழந்தையின் உள்ளம் ஒன்பது ஆண்டுகளில் அத்துணை உறுதி பெற்றுவிட்டதா? அவ்வாறு கூறிய ஆய்வு எதனையும் நான் கண்டிலேன். பிள்ளை நலம் என்ற பெயரால் இடப்பட்ட எல்லை அந்நியச் செலாவணியின் தேவைக்கேற்ப நகர்ந்தது என்பதே நேரான வாசிப்பு.

நம் எழுத்தாளரும் இதிற் குற்றமற்றவரல்லர். தாய் குவைத்துக்குப் போகின்றாள், தகப்பன் குடிக்கின்றான், மூத்த மகள் சீரழிகின்றாள், தாய் பெட்டி நிறைந்த பொருளோடு திரும்பி வந்து தலையிலடித்து அழுகின்றாள். இக்கதையை எத்தனை முறை படித்துவிட்டோம்! யதார்த்தம் என்று கூறி நாம் எழுதியது, அரசாங்க விதியின் முன்னுரையாக அமைந்துவிட்டதை உணர்ந்தோமா? மலைநாட்டிலே கைக்குழந்தையைப் பிள்ளைக் காம்பிராவில் விட்டுவிட்டு விடியற்காலையில் மலையேறிய தாயை எந்தச் சட்டமும் தடுத்ததில்லை. அவளது உழைப்பு தோட்டத்துக்குத் தேவைப்பட்டது.

அமெரிக்க மானிடவியலாளர் மிஷேல் கம்பேர்ட், தம் தாயார் அறுபதுகளில் ஆராய்ந்த அதே தென்னிலங்கைக் கரையோரக் கிராமத்துக்குச் சென்று தங்கி, திரும்பிவந்த பெண்களையும் வீட்டிலிருந்த கணவரையும் பேசவிட்டுக் கேட்டு, 2000இல் ஒரு நூல் எழுதினார். அதில் ஆணும் விசாரிக்கப்படுகின்றான். கரண்டி பிடிக்கப் பழகியவனும் அதற்கு வெட்கப்பட்டவனும் அங்கு உளர். பெரும் அளவீடுகளுக்கு ஒரு கிராமத்து நூல் ஈடாகாது என்பர். அளவீடு வேண்டாம் என்று நான் கூறவில்லை; ஆயிரம் வீடுகளுக்குச் செல்வோர் இத்தகையதொரு நூலையும் படித்துவிட்டு வினாக்கொத்தை எழுதலாம் என்கிறேன். அப்போது, மாதந்தோறும் வந்த பணத்தை யார் கையாண்டார், தாய்க்கு அங்கே நித்திரை எத்தனை மணி, தந்தை அடுப்படிக்கு எத்தனை நாள் சென்றார் என்பனவும் வினாக்களாகலாம். குடும்பப் பின்னணி அறிக்கைக்குக் கணவனின் ஒப்பம் கேட்கப்பட்டது. கணவன் கட்டாருக்குப் புறப்பட்டபோது மனைவியின் ஒப்பம் கேட்கப்பட்டதில்லை.