அளவெடுத்துத் தைத்த பொய்கள்

விடிகாலை. கார் கண்ணாடி முழுக்க மூச்சுக்காற்றின் பனி. உள்ளே தூங்கி எழுந்தவன் கைப்பேசியில் மனைவியிடம் அலுவலகக் கதை சொல்கிறான். குரலில் துளி பதற்றம் இல்லை. அவனுக்கு அலுவலகமே இல்லை என்பது மெல்லத்தான் நமக்கு உறைக்கிறது.

லோரான் கான்தே 2001இல் எடுத்த ‘லாம்ப்ளுவா து தான்’ இப்படித் தொடங்குகிறது. கால அட்டவணை என்று பொருள். பிரான்ஸில் பள்ளிப் பிள்ளைகளின் வகுப்பு அட்டவணைக்கும் இதே பெயர்தான். வெளிநாடுகளில் ‘டைம் அவுட்’ என்ற பெயரில் ஓடியது. அந்த ஆண்டு வெனிஸ் விழாவில் ‘நிகழ்காலச் சினிமா’ பிரிவின் சிங்க விருது இதற்குத்தான்.

காரில் தூங்கி எழுந்த அந்த வின்சென்ட்டைப் பொய்யன் என்று ஒதுக்க எனக்கு மனம் வருவதில்லை. எதிரில் இருப்பவர் எதைக் கேட்க ஆசைப்படுகிறாரோ, அதைச் சொல்லாமல் இருக்க அவனால் முடியாது. மகன் பெரிய பதவிக்குப் போக வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. உடனே ஜெனீவாவில் ஐ.நா. வேலை முளைக்கிறது. நண்பர்களுக்குப் பணம் சீக்கிரம் பெருக வேண்டும். ரஷ்யாவில் முதலீடு என்றொரு கதை பிறக்கிறது. எல்லாமே கேட்பவர் முகத்தைப் பார்த்து அங்கேயே அளவெடுத்துத் தைத்த பொய்கள்.

நாடக மேடையிலிருந்து வந்த ஒரேலியன் ரெக்கோவான் இந்த வேடத்தை ஏறக்குறைய ஒரே புன்னகையில் தாங்குகிறார். மரியாதையான, கொஞ்சம் களைத்த புன்னகை. ஜெனீவாவில் வின்சென்ட் ஓர் அலுவலகத்துக்குள் நுழைந்து, கண்ணாடிச் சுவர்களுக்கு அப்பால் நடக்கும் கூட்டங்களைப் பார்த்தபடி தாழ்வாரங்களில் திரிவான். மிட்டாய்க் கடை வாசலில் நிற்கும் சிறுவனின் பார்வை அது. தனியே காரில் ரயிலோடு போட்டி போட்டு ஓட்டும்போது மட்டும் முகம் உண்மையிலேயே மலர்கிறது. அங்கே திருப்திப்படுத்த ஆள் யாரும் இல்லை.

மனைவி முரியேலாக வரும் கரின் வியார், எப்போது சந்தேகப்பட ஆரம்பிக்கிறார் என்று காட்டிக்கொள்ளவே மாட்டார். வின்சென்ட்டின் பொய்யை முதலில் மோப்பம் பிடிப்பவன் போலிச் சரக்கு கடத்தும் ஜான்-மிஷேல். அவனிடம்தான் வின்சென்ட் மனம் திறக்கிறான்: கார் ஓட்டும் நேரம்தான் தன் பழைய வேலையில் பிடித்தது என்று. அந்த வேடத்தில் நடித்த செர்ஜ் லிவ்ரொசே நிஜ வாழ்க்கையில் திருட்டுக்காகச் சிறை சென்றவர், பின்னால் எழுத்தாளர் ஆனவர். என்ன பொருத்தம்!

படத்தின் வித்து ஜான்-குளோத் ரொமான் வழக்கு. உலக சுகாதார நிறுவன மருத்துவர் என்று 18 ஆண்டுகள் நடித்து, குட்டு உடையும் தறுவாயில், 1993இல் மனைவி, பிள்ளைகள், பெற்றோர் அனைவரையும் கொன்றவன். திரைக்கதையில் கான்தேயும் ரோபன் காம்பியோவும் அந்தக் கொலைகளைத் தூக்கி எறிந்துவிட்டார்கள். படத்தின் ஆகப் பெரிய துணிச்சல் அதுதான். ஜோஸ்லின் பூக்கின் இசை ஓரிரு இடங்களில் தேவைக்கு மேல் துயரப்படுகிறது. என் ஒரே குறை அது.

ரத்தத்துக்குப் பதில் கான்தே வைத்திருப்பது ஒரு வேலைக்கான நேர்காணல். அப்பாவின் சிபாரிசு. எதிரே கனிவான அதிகாரி. பெரிய பொறுப்பு, பயமில்லையே என்ற தோரணையில் பேச்சு போகிறது. கேமரா அவன் முகத்தை நெருங்க நெருங்க, பயமில்லை என்கிறான் வின்சென்ட். அந்தப் புன்னகையைப் பார்த்தால் வயிறு கலங்குகிறது.

அவசியம் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை இரவு மட்டும் வேண்டாம்.