2020 பறித்துக்கொண்ட ஆட்டக்காரர்கள்

2020-இல் இறந்த பெரியவர்களைப் பற்றி வந்த அஞ்சலிகளில் எண்களுக்குக் குறைவில்லை. இத்தனை ஓட்டங்கள், இத்தனை கோல்கள், இத்தனை ஆயிரம் பாடல்கள். ஆனால் ஒரு ஆட்டக்காரரை நினைப்பதென்றால், அவர் ஆடிய ஒரு ஆட்டத்தையாவது எடுத்து, எப்படி ஆடினார் என்று பார்க்க வேண்டும். அந்த ஆண்டு விடைபெற்றவர்களில் மூவர் தங்கள் பெயரை நிலைநாட்டியது மெட்ராஸில்தான்.

ஜனவரி 17 அன்று பாபு நட்கர்னி போனார். 1964 ஜனவரியில் மெட்ராஸ் கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தில் (இன்றைய நேரு ஸ்டேடியம்) இங்கிலாந்தின் முதல் இன்னிங்ஸில் அவர் வீசியது 32 ஓவர்கள். அதில் 27 மெய்டன், கொடுத்தது 5 ஓட்டங்கள், விக்கெட் இல்லை. இடையில் தொடர்ந்து 131 பந்துகளில் ஒரு ஓட்டம்கூட வரவில்லை. வலைப்பயிற்சியில் ஆடுகளத்தில் ஒரு நாணயத்தை வைத்து, அதன்மேல் பந்தை விழவைத்துப் பழகியவர் என்பார்கள். எதிரில் நின்ற போலஸும் பாரிங்டனும் அவுட் ஆகக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். விக்கெட் விழாத அந்தப் பந்துவீச்சு ஆட்டத்தை வென்று தரவில்லை. டெஸ்ட் டிராவில் முடிந்தது. ஆனாலும் 41 டெஸ்ட்களில் ஓவருக்கு 1.67 ஓட்டம் என்ற சராசரி ஒரு நாள் அதிர்ஷ்டத்தில் வருவதில்லை. டி20 காலத்துப் பந்துவீச்சாளர்கள் அந்த 131 பந்துகளைப் பற்றி ஒரு முறையாவது யோசித்துப் பார்க்க வேண்டும்.

செப்டம்பர் 24 அன்று மும்பையில் ஆஸ்திரேலியாவின் டீன் ஜோன்ஸ் மாரடைப்பால் இறந்தார். ஐபிஎல் வர்ணனைக்காக வந்திருந்தார். வயது 59. 1986 செப்டம்பரில் சேப்பாக்கத்துக்கு வந்தபோது அது அவருக்கு மூன்றாவது டெஸ்ட்தான். அணியில் நிலையான இடம் கிடையாது. 40 டிகிரியை ஒட்டிய வெயில், கசகசக்கும் புழுக்கம், பக்கத்தில் பக்கிங்ஹாம் கால்வாயின் நாற்றம். மூன்றாம் இடத்தில் இறங்கியவர் எட்டு மணி நேரத்துக்கு மேல் நின்றார். ஆடுகளத்திலேயே வாந்தி எடுத்தார்; கால்கள் பிடித்துக்கொண்டன. போகிறேன் என்று சொன்னபோது, கேப்டன் ஆலன் பார்டர், அப்படியானால் உறுதியான குயின்ஸ்லாந்துக்காரன் ஒருவனைக் கூப்பிட்டுக்கொள்கிறேன் என்று விக்டோரியாக்காரரான ஜோன்ஸைச் சீண்டினார். ஜோன்ஸ் நின்றார். 330 பந்துகளில் 210.

அந்த 210-ஐப் பிரித்துப் பாருங்கள். 27 பவுண்டரி, 2 சிக்ஸர். அதாவது 120 ஓட்டங்கள் ஓடாமல் வந்தவை. ஓடமுடியாத உடம்பு மட்டையைக் கொண்டு கணக்கை நேர்செய்துகொண்டது. எனக்கு அந்த இன்னிங்ஸில் வீரத்தைவிடப் பெரிதாகத் தெரிவது இந்த அறிவுதான். அவுட் ஆனதும் மருத்துவமனையில் சலைன் ஏற்றினார்கள். இன்றைக்கு எந்த அணி மருத்துவரும் அவரை அவ்வளவு நேரம் நிற்க விடமாட்டார்; விடவும் கூடாது.

ஆஸ்திரேலியா 574-க்கு டிக்ளேர் செய்தது. கபில்தேவின் 119 இல்லையென்றால் இந்தியா ஃபாலோ-ஆன் ஆகியிருக்கும். கடைசி நாளில் 348 இலக்கு. ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு அந்த வெயிலில் வீசிய கிரெக் மாத்யூஸ், கடைசி ஓவரின் ஐந்தாம் பந்தில் மணிந்தர் சிங்கை எல்பிடபிள்யூ ஆக்க, இந்தியா 347. எதிர்முனையில் 48 ஓட்டங்களுடன் ரவி சாஸ்திரி. டெஸ்ட் வரலாற்றின் இரண்டாவது டை.

ஜோன்ஸ் போன மறுநாள் எஸ்.பி.பி. பாடகருக்கு விளையாட்டுப் பக்கத்தில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். மூச்சும் உடம்பும்தான் அவருக்கும் கருவி. ‘அடிமைப்பெண்’ படத்துக்கு ‘ஆயிரம் நிலவே வா’ பாட வேண்டிய நேரத்தில் அந்த இளைஞர் நோயில் படுத்துவிட்டார். எம்.ஜி.ஆர். வேறு ஆளைத் தேடவில்லை, தேறி வரும்வரை காத்திருந்தார். பார்டர் சீண்டி எடுத்த ஆட்டத்தை எம்.ஜி.ஆர். பொறுத்திருந்து வாங்கினார். முறைப்படி கர்நாடக இசை படிக்காமலே ‘சங்கராபரணம்’ பாடித் தேசிய விருது பெற்றவர் எஸ்.பி.பி. 1983-இல் அணிகளுக்கான தேசியச் சதுரங்கப் போட்டிக்கு மெட்ராஸ் கோல்ட்ஸ் அணியை அனுப்பிவைத்ததும் அவர்தான். அந்த அணியில் இருந்த ஒரு சிறுவனின் பெயர் விஸ்வநாதன் ஆனந்த். தன் முதல் ஸ்பான்சர் எஸ்.பி.பி. என்று ஆனந்த் நன்றியோடு சொன்னார்.

உலகம் அழுத பெயர்கள் வேறு. மரடோனா என்றதும் எல்லோரும் இங்கிலாந்துக்கு எதிரான இரண்டு கோல்களுக்குப் போய்விடுகிறார்கள். நான் 1986 உலகக் கோப்பை இறுதியாட்டத்தின் 84-ஆம் நிமிடத்தைச் சொல்வேன். மேற்கு ஜெர்மனிக்காரர்கள் சூழ்ந்து நிற்க, இடது காலின் ஒரே தொடலில் புருச்சாகாவுக்குப் பாதை திறந்தார். கோப்பை அங்கேதான் முடிவானது. டிசம்பரில் போன பாவ்லோ ரோஸி, 1982 உலகக் கோப்பையின் முதல் நான்கு ஆட்டங்களில் ஒரு கோலும் அடிக்காமல், கடைசி மூன்றில் ஆறு அடித்தவர். கூடைப்பந்தின் கோபி பிரையண்ட் 2013-இல் குதிகால் தசைநாண் அறுந்த பிறகும் கோட்டில் நின்று இரண்டு ஃப்ரீ த்ரோக்களையும் போட்டுவிட்டுத்தான் வெளியேறினார். அவரது லேக்கர்ஸ் அணி வென்றது இரண்டே புள்ளிகளில். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் கால்பந்துத் தங்கம் கொண்டுவந்த பி.கே. பானர்ஜியும் கேப்டன் சுனி கோஸ்வாமியும் ஆறு வார இடைவெளியில் போனார்கள். அதன்பின் அந்தத் தங்கம் இந்தியாவுக்கு வரவே இல்லை.

மே 25 அன்று போன பல்பீர் சிங் சீனியருக்கு இந்தப் பட்டியலில் முதலிடம் தருவேன். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் இந்தியா அடித்த 13 கோல்களில் 9 அவருடையவை. நெதர்லாந்தை 6-1 என வென்ற இறுதியில் மட்டும் ஐந்து. ஒலிம்பிக் ஆடவர் ஹாக்கி இறுதியில் அந்தச் சாதனை இன்றும் நிற்கிறது. 1956 மெல்போர்னில் கேப்டன். விரல் முறிந்த கையோடு இறுதியில் ஆடினார், பாகிஸ்தானை இந்தியா 1-0 என வென்றது. மூன்று ஒலிம்பிக், மூன்று தங்கம். 1975-இல் இந்தியா உலகக் கோப்பையை வென்றபோது அணியின் மேலாளர். அருங்காட்சியகத்தில் வைப்பதற்காக 1985-இல் இந்திய விளையாட்டு ஆணையத்திடம் அவர் ஒப்படைத்த மெல்போர்ன் பிளேஸரும் பதக்கங்களும் படங்களும் காணாமல் போயின. 96 வயதில் கண் மூடும்வரை அவை அவர் கைக்குத் திரும்பவில்லை. அவருக்குப் பாரத ரத்னாவும் கிடைக்கவில்லை. மறைவுக்குப் பிறகாவது அதை வழங்க வேண்டும்; தொலைந்தவற்றை அரசு தேடி எடுத்து அவர் குடும்பத்திடம் சேர்க்க வேண்டும்.