கை காத்திருக்கும் கணம்

எங்கள் ஊர் வாய்க்காலில் துணி துவைப்பவர்களைச் சிறு வயதில் வெகுநேரம் வேடிக்கை பார்த்திருக்கிறேன். நனைந்த வேட்டியைத் தோளுக்கு மேலே சுழற்றித் தூக்குவார்கள். வேட்டியின் நுனி இன்னும் முதுகுப் பக்கம் போய்க்கொண்டிருக்கும். அதற்குள் இடுப்பு கல்லைப் பார்த்துத் திரும்பியிருக்கும். அதன் பின்னால் தோள், அப்புறம் கை, கடைசியாகத் துணி. கல்லில் ‘பளார்’ என்று விழும். அதே வேட்டியை நான் வாங்கி அடித்தால் ‘பொத்’தென்றுதான் விழும். நான் வெறும் கையால் அடித்திருக்கிறேன் என்பது, நாற்பது வயதுக்கு மேல் கோல்ஃப் கற்றுக்கொள்ளப் போன பிறகுதான் புரிந்தது.

கோல்ஃப் ஸ்விங்கில் நான் உயிராக ரசிப்பது ஒரே ஒரு கணத்தைத்தான். கிளப் மேலே ஏறுவது பேக்ஸ்விங். பந்தை நோக்கி இறங்குவது டவுன்ஸ்விங். ஒன்று முடிந்து மற்றது தொடங்கும் திருப்பத்தை ஆட்டக்காரர்கள் டிரான்சிஷன் என்பார்கள். பந்து நேராகப் போகுமா, வளைந்து மரத்துக்குள் போகுமா என்பது பெரும்பாலும் அங்கேயே முடிவாகிவிடுகிறது. கிளப்பும் பந்தும் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் ஏறக்குறைய அரை மில்லி விநாடி. ஒரு விநாடியை 2,000 கூறு போட்டால் அதில் ஒரு கூறு. அங்கே போய் எதையும் திருத்த யாராலும் ஆகாது. திருத்த வேண்டியதை மேலே, அந்தத் திருப்பத்தில்தான் திருத்தியாக வேண்டும்.

ஜான் நோவோசெல் என்ற அமெரிக்கர் சிறந்த ஆட்டக்காரர்களின் வீடியோக்களை ஃப்ரேம் ஃப்ரேமாக எண்ணி, 2004-இல் ‘டூர் டெம்போ’ என்று ஒரு புத்தகம் கொண்டுவந்தார். விநாடிக்கு 30 ஃப்ரேம் ஓடும் படம். கிளப் கிளம்பியதிலிருந்து உச்சிவரை 27 ஃப்ரேம் என்றால், உச்சியிலிருந்து பந்துவரை 9. சற்று வேகமானவர்களுக்கு 24-க்கு 8. இன்னும் வேகமானவர்களுக்கு 21-க்கு 7. எப்படி எண்ணினாலும் மூன்றுக்கு ஒன்று. கச்சேரி கேட்டுப் பழகிய காதுக்கு இது உடனே பிடிபடும். ஒருவர் சௌக்கமாக எடுப்பார், இன்னொருவர் துரிதமாக எடுப்பார். எடுத்த காலப்பிரமாணம் நடுவில் ஓடிவிடாமல் நிற்கிறதா என்பதில்தான் வித்வத் தெரியும். எர்னி எல்ஸ் சௌக்கம். தென்னாப்பிரிக்காவின் அந்த நெடிய மனிதரை ‘பிக் ஈஸி’ என்றே அழைத்தார்கள். ஜிம்பாப்வேயின் நிக் பிரைஸ் துரிதம். இருவரும் ‘மேஜர்’ எனப்படும் பெரும் பட்டங்கள் வென்றவர்கள். உச்சியில் பதற்றம் என்பது இருவரிடமும் கிடையாது.

மேலே போன கிளப் நின்று, பிறகு கீழே வருகிறது என்றுதான் பார்ப்பவர்களுக்குத் தோன்றும். உடம்புக்குள் நடப்பது வேறு. வலது கை ஆட்டக்காரரை எடுத்துக்கொள்வோம். கிளப் இன்னும் ஏறிக்கொண்டிருக்கும்போதே அவருடைய எடை இடது பாதத்தின் பக்கம் சாயத் தொடங்கிவிடும். இடுப்பு இலக்கை நோக்கி அசையும். தோள் இன்னும் பின்னாலேயே இருக்கும். ஒரே உடம்பில் மேல்பாதி ஒரு திசைக்கும் கீழ்பாதி எதிர்த் திசைக்கும் போகிற நேரம் அது. இடுப்புக்கும் தோளுக்கும் நடுவிலுள்ள தசைகள், பிழிந்த ஈரத்துண்டு மாதிரி முறுக்கேறி இழுபடுகின்றன. இழுபட்ட உடனே சுருங்கும் தசைக்கு, சும்மா கிடந்து சுருங்கும் தசையைவிடப் பலம் அதிகம். எம்பிக் குதிக்கும் முன் நாம் முழங்காலை மடக்குவதும் இதனால்தான். அந்த வேளையில் கிளப்பின் தண்டான ஷாஃப்டும் பின்பக்கமாக வளையும். கிளப்பின் தலை விரல்களில் கனக்கும். அந்தக் கனம் தெரிந்ததா என்று என்னையே கேட்டுக்கொள்வது என் வழக்கம். தெரிந்த நாளில் பந்து போகும் இடத்தைப் பார்க்கக்கூட அவசரம் இருக்காது.

ஆக, டிரான்சிஷனைச் செம்மை செய்வது என்றால், கையைக் காத்திருக்கப் பழக்குவது. கீழே இருந்து அழைப்பு வரும்வரை அது மேலேயே இருக்க வேண்டும். சொல்வதற்கு இவ்வளவுதான், பழகுவதற்கு வருடக்கணக்கில் ஆகும்.

கை ஏன் காத்திருக்க மறுக்கிறது? கிரிக்கெட்டில் பந்து நம்மை நோக்கி வருகிறது. எப்போது அடிப்பது என்பதைப் பந்துவீச்சாளர் பாதி தீர்மானித்துவிடுகிறார். கோல்ஃபில் பந்து புல்லில் சும்மா கிடக்கிறது. நம்மைத் தடுத்து நிறுத்த அங்கே எதுவும் இல்லை. கிளப் உச்சிக்குப் போனதுதான் தாமதம், கண் பந்தைக் கவ்விக்கொள்கிறது, வலது கை துடிக்கிறது, வலது தோள் முன்னால் பாய்கிறது. இடுப்பு திரும்புவதற்குள் கை இறங்கிவிட்டதால், கிளப் வெளிப்பக்கத்திலிருந்து வந்து பந்தைக் குறுக்காக அறுத்துக்கொண்டு போகிறது. பந்து இடது பக்கம் கிளம்பி வலது பக்கம் வளைகிறது. ‘ஸ்லைஸ்’ என்று உலகம் முழுக்க அலுத்துக்கொள்ளும் கோளாறுக்கு முக்கால்வாசிக் காரணம் இந்த ஒரு அவசரம் என்பது என் அனுபவம்.

அவசரமில்லாத திருப்பத்தைப் பார்க்கப் பழைய ஆட்டக்காரர்களிடம் போக வேண்டும். 1912-இல் ஏழு மாத இடைவெளிக்குள் அமெரிக்காவில் மூன்று பேர் பிறந்தார்கள்: பைரன் நெல்சன், சாம் ஸ்னீட், பென் ஹோகன். மூவரும் ஆட்டத்தின் மேதைகள். என் மனம் எப்போதும் ஒட்டிக்கொள்வது ஸ்னீட்டிடம். வர்ஜீனியாவின் மலைப் பகுதியில் பிறந்து, மரக்கிளையை வெட்டிக் கிளப்பாக்கி விளையாடிய பையன். பிஜிஏ டூரில் 82 வெற்றிகள். 2019-இல் டைகர் வுட்ஸ் அதைத் தொடும்வரை அந்த எண்ணிக்கையில் ஸ்னீட் தனியாகவே நின்றார். 1965-இல் கிரீன்ஸ்பரோவில் கடைசியாக வென்றபோது வயது 52. அந்த வயதிலும் உடம்பு அந்த ஸ்விங்கைத் தாங்கியது என்றால், அதில் முரட்டுத்தனம் எங்கும் இல்லை என்று பொருள்.

அவருடைய பழைய கறுப்பு வெள்ளைப் படங்களை எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. பேக்ஸ்விங்கில் இடது முழங்கால் உள்ளே வந்து வலது முழங்காலை எட்டிப் பார்க்கிறது. கிளப் உச்சியைத் தொடும் தறுவாயில் இடது முழங்கால் மெல்ல வெளியே, இலக்கின் பக்கம் திறக்கிறது. வலது முழங்கால் போட்ட இடத்திலேயே இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே இடைவெளி அகலமாகிறது; முக்காலியில் உட்காரப் போகிறவர் மாதிரி ஸ்னீட் சற்றே தாழ்கிறார். கோல்ஃப்காரர்கள் இதை ‘ஸ்னீட் ஸ்க்வாட்’ என்று அவர் பெயராலேயே சொல்கிறார்கள். இத்தனைக்கும் அவர் முதுகு இன்னும் இலக்கையே பார்த்துக்கொண்டிருக்கிறது. கைகள் என்ன செய்கின்றன என்று பார்த்தால், தாழும் உடம்போடு அவையும் ஒரு சாண் தாழ்கின்றன. தாமாக எதையும் செய்யவில்லை. கிணற்றில் கயிற்றைத் தளர விட்டால் வாளி இறங்குகிற மாதிரி ஒரு இறக்கம். அதற்கப்புறம்தான் இடது கால் தரையை உதைத்து நிமிர்கிறது, இடுப்பு விலகி வழிவிடுகிறது, கிளப் பந்தின்மேல் பாய்கிறது. அந்த உட்காரலுக்கும் நிமிர்தலுக்கும் நடுவில் ஒரு நிம்மதி தெரிகிறது பாருங்கள், அதைத்தான் நான் அழகு என்கிறேன்.

ஸ்னீட்டுக்கு ஒரு தலைமுறை முன்னால் பாபி ஜோன்ஸ். அவர் காலத்துக் கிளப்புகளின் ஷாஃப்ட் ஹிக்கரி மரம். எஃகு மாதிரி அது விறைத்து நிற்காது, கையின் வேகத்துக்கு முறுக்கிக்கொள்ளும். உச்சியில் வெடுக்கென்று இழுத்தால் கிளப்பின் முகம் எங்கோ திரும்பிக்கொள்ளும். பொறுமையாகத் திரும்புவது அந்தக் காலத்தில் விருப்பமாக இருக்கவில்லை. கருவியே அதைக் கட்டாயமாக்கியது. 1930-இல் பிரிட்டன், அமெரிக்கா இரண்டின் ஓப்பனையும் அமெச்சூர் பட்டங்களையும் ஒரே ஆண்டில் வென்று, 28 வயதில் போட்டி ஆட்டத்திலிருந்து ஒதுங்கினார். அடுத்த ஆண்டு வார்னர் பிரதர்ஸ் அவரை வைத்துப் பாடப் படங்கள் எடுத்தது. அதனால்தான் அந்தத் திருப்பத்தை இன்றும் நம்மால் பார்க்க முடிகிறது. பழைய ஹிக்கரி கிளப் ஒன்று கிடைத்தால் பத்துப் பந்து அடித்துப் பாருங்கள். எந்தப் பயிற்சியாளரும் அவ்வளவு கறாராக அவசரத்தைக் கண்டிக்க மாட்டார்.

ஹோகன் வேறு வார்ப்பு. ஸ்னீட்டுக்கு இயல்பாக வந்ததை அவர் பயிற்சித் திடலில் தோண்டித் தோண்டி எடுத்தார். 1949 பிப்ரவரியில் அவருடைய கார்மீது பஸ் மோதி எலும்புகள் நொறுங்கின. அதிலிருந்து மீண்டு 1950-இல் மெரியனில் யு.எஸ். ஓப்பன் வென்றார். 1957-இல் வந்த அவருடைய ‘ஃபைவ் லெசன்ஸ்’ புத்தகத்தில் ஆண்டனி ராவியெல்லி வரைந்த படங்கள் தனியாக ரசிக்கத் தக்கவை. இடது இடுப்பெலும்பில் ஒரு எலாஸ்டிக் பட்டையைக் கட்டி, மறுமுனையை அந்த இடுப்புக்கு நேர் பின்னால் உள்ள சுவரில் பொருத்தியதாகக் கற்பனை செய்யச் சொல்கிறார் ஹோகன். பேக்ஸ்விங்கில் இழுபட்ட பட்டை, இடுப்பைத் திரும்ப இழுத்துக்கொள்கிறது. டவுன்ஸ்விங் அங்கிருந்து தொடங்குகிறது. இன்னொரு இடத்தில், இறங்கும்போது கிளப் சுழலும் தளம் ஏறும்போது இருந்ததைவிடப் படுத்துக்கொள்ளும் என்று காட்டுகிறார். கை காத்திருந்தால் அது தானாகவே படுக்கும்.

இங்கே ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டும். ஹோகனைப் படித்துவிட்டு இடுப்பைச் சுழற்று சுழற்று என்று சுழற்றிக் கெட்டவர்கள் ஏராளம். எடை இடது காலுக்குப் போய்ச் சேராமல் இடுப்பைச் சுழற்றினால் தோளும் கூடவே சுழலும். பழைய ஸ்லைஸ் புதிய வேகத்தோடு திரும்பி வரும். எடை இடது பாதத்துக்குப் போக வேண்டிய நகர்வையும் ஹோகன் அதே புத்தகத்தில் சொல்லித்தான் இருக்கிறார். படிப்பவர்கள் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். முதலில் சாய்வு, பிறகு சுழற்சி. நான் யாருக்காவது ஒன்று சொல்ல நேர்ந்தால் இந்த வரிசையைத்தான் சொல்வேன்.

ஆட்டக்காரர் ஜிம் ஃபியூரிக் கிளப்பை வெளிப்பக்கமாகத் தூக்கிக்கொண்டு போய், உச்சியில் ஒரு வளையம் போட்டு உள்பக்கம் இறக்குவார். புத்தகத்தில் இருக்கும் எந்த ஸ்விங்கையும் போல இருக்காது. 2003-இல் யு.எஸ். ஓப்பன் வென்றார், 2016-இல் ஒரு சுற்றை 58 அடிகளில் முடித்தார். ஏறிய வழி எப்படி இருந்தாலும் இறங்கும் வழி திருப்பத்தில் சீராகிவிட்டால் போதும் என்பதற்கு அவரைவிடச் சாட்சி வேண்டாம். ஜப்பானின் ஹிடெகி மட்சுயாமா, 2021 மாஸ்டர்ஸ் வென்றவர், உச்சியில் கிளப்பைக் கண்ணுக்குத் தெரியும்படி நிறுத்திவைப்பார். நின்றிருப்பது கிளப்தான். இடுப்புக்குக் கீழே பாருங்கள், அங்கே வேலை தொடங்கியிருக்கும்.

பழகுவதற்கு வழிகள் பல உண்டு. எனக்கு மிகப் பிடித்தது எர்னஸ்ட் ஜோன்ஸ் காட்டியது. இங்கிலாந்துக்காரர், முதல் உலகப் போரில் ஒரு காலை இழந்தவர், பின்னாளில் நியூயார்க்கில் கற்றுக்கொடுத்தவர். ஒரு கைக்குட்டையின் முனையில் பேனாக்கத்தியைக் கட்டி ஆட்டிக் காட்டுவார். நீங்களும் ஒரு கைக்குட்டையில் சாவிக்கொத்தைக் கட்டிக்கொண்டு செய்து பாருங்கள். நிதானமாக ஆட்டினால் துணி விறைப்பாகவே இருக்கும். கனம் அந்தக் கோடிக்குப் போய், தானே நின்று, தானே திரும்பும். அது திரும்பும் முன் கையை வெடுக்கென்று இழுத்தால் துணி தொய்ந்துபோகும், சாவி தாறுமாறாக ஆடும். ஒரு நிமிடத்தில் விரலுக்கே பாடம் ஏறிவிடும்.

இன்னொன்று, பாதங்களைச் சேர்த்து வைத்து பேக்ஸ்விங் தொடங்கி, கிளப் உச்சியை எட்டும் முன்பே இடது காலை இலக்கின் பக்கம் எடுத்து வைத்து அடிப்பது. கால் முந்தி, கை பிந்தி என்ற வரிசை உடம்புக்கு வேறு வழியே இல்லாமல் வந்துவிடும். மூன்றாவதாக, பிடி. உச்சியில் விரல்கள் தம்மையறியாமல் இறுகுகின்றனவா என்று கவனியுங்கள். இறுகும் கணத்தில்தான் கை முந்துகிறது. மேலே போனபோது என்ன பிடியோ அதே பிடியில் திரும்புங்கள். பேக்ஸ்விங்கை முழுதாக முடிப்பதும் முக்கியம். தோள் பாதி திரும்பியதும் இறங்கத் தொடங்குபவருக்குக் கையைத் தவிர வேறு துணை இருக்காது.

எனக்கு இதையெல்லாம் ஒரே வரியில் சொன்னவர் சென்னையில் என் பையைச் சுமந்து வரும் கேடி. மூன்று ஹோலில் மூன்று பந்து மரத்துக்குள் போனபின் ஒருநாள் சொன்னார்: “பாடி போகட்டும் சார், கை பின்னாடி வரும்.” அன்றிலிருந்து முதல் அடி அடிக்கும் டீயில் நிற்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் குரல் கேட்கிறது.

ஸ்னீட்டின் ஸ்விங் வீடியோக்கள் இணையத்தில் எளிதாகக் கிடைக்கின்றன. ஒன்றைத் தேடி எடுத்து, கால் பங்கு வேகத்தில் ஓடவிடுங்கள். முதல் முறை பந்து, கிளப் எதையும் பார்க்க வேண்டாம். இடது முழங்காலை மட்டும் பாருங்கள். இரண்டாம் முறை அதே படத்தில் கையைப் பாருங்கள்.